எழுத்தை மாற்றினால் சொல் மாறும்

கெடாவில் பீடோங், கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டப்பள்ளிகளில் படித்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘விகடகவி’யைத் திருப்பிப் படிக்கச் சொல்லி உங்களை மடக்குவார்கள். ‘நகரம்’ என்னும் சொல்லில் முதலெழுத்தை எடுத்தால் கரம். நடுவிலுள்ள ரகரத்தை எடுத்தால் நகம். இவ்வகை விளையாட்டு நம் மொழிக்குப் புதிதன்று. இதைப் பெரும் புலமையாக வளர்த்தவர்களுள் ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

அவர் 1815ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி அருகில் பிறந்தார். தந்தை சிதம்பரம் பிள்ளை கிராமத்துப் பள்ளி ஆசிரியர். அவரே மகனுக்கு முதல் ஆசானுமானார். மீனாட்சிசுந்தரத்திற்குப் பதினைந்து வயதானபோது தந்தை காலமானார். குடும்பத்தில் வறுமை. கற்கவேண்டிய நூல்களோ பனையோலைச் சுவடிகளாகப் பிறர் வீடுகளில் இருந்தன. சுவடி வைத்திருந்தவர்களைத் தேடிச் சென்று, இரவல் வாங்கிப் படியெடுத்துக்கொண்டு, பாடமும் கேட்டார்.

அக்காலத்தில் திருச்சிராப்பள்ளித் தெருக்களில் பிச்சையெடுத்து வாழ்ந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரத்தை நன்கு கற்றிருந்தார். எழுத்துகளை அடுக்கியும் மாற்றியும் பாடும் மடக்கு, சித்திரகவி ஆகியவற்றின் இலக்கணம் அந்நூலில் இருக்கிறது. ஆனால், அந்தப் பரதேசி எளிதில் பாடம் சொல்பவர் அல்லர். மீனாட்சிசுந்தரம் சளைக்கவில்லை. அவர் போகும் தெருவெல்லாம் உடன் சென்றார். அவருக்குக் கிடைத்த அரிசியைச் சுமந்தார். வேண்டியவற்றை வாங்கிக் கொடுத்தார். பரதேசியின் மனம் கனிந்த வேளைகளில் ஐயம் கேட்டு, அந்நூல் முழுவதையும் கற்றுக்கொண்டார். ஊரார் என்ன நினைப்பார்கள் என்று அவர் கூசியதாகத் தெரியவில்லை.

கற்றது வீண்போகவில்லை. திரிசிராமலை யமக அந்தாதி, திருவானைக்காத் திரிபந்தாதி போன்ற நூல்களை அவர் இயற்றினார். கரும்பு, இரும்பு, துரும்பு, அரும்பு என்னும் சொற்களைப் பாருங்கள். முதலெழுத்து மட்டும் மாறுகிறது, மற்றவை மாறவில்லை. பாட்டின் நான்கு அடிகளும் இவ்வாறு தொடங்கினால் அது திரிபு. யமகத்தில் முதலெழுத்தும் மாறாது; பிரிக்கும் இடமே பொருளை மாற்றும். ‘பலகை’ என்பது மரப்பலகை. பிரித்தால் பல கை. அந்தாதியிலோ ஒரு பாட்டு முடியும் இடத்தில் அடுத்த பாட்டு தொடங்கவேண்டும். இத்தனை கட்டுக்குள்ளும் பொருள் சிதையாமல் பாடுவது எத்தனை கடினம்! முயன்று பார்த்தால் விளங்கும்.

இந்த வித்தையோடு அவர் நின்றிருந்தால் இன்று மறந்திருப்போம். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களை அவர் பாடினார். மனத்திலேயே செய்யுள் அமைத்து, எழுதுபவரின் கை வலிக்குமளவு தொடர்ந்து சொல்லிக்கொண்டே போவாராம். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு மகாவித்துவான் பட்டம் அளித்தது.

பிச்சையெடுப்பவரிடமும் பாடம் கேட்டவர், தம்மிடம் வந்த எவரையும் திருப்பி அனுப்பவில்லை. நாகூர்க் குலாம் காதிறு நாவலர் இசுலாமியர். சவேரிநாத பிள்ளை கிறித்துவர். இருவரும் அவருடைய மாணவர்கள். ஏழை மாணவர்களுக்குப் பாடத்தோடு சோறும் கிடைத்தது. அதனால் கடன் தீரவேயில்லை. 1871இல் வந்து சேர்ந்த உ. வே. சாமிநாதையருக்கு நைடதத்துடன் அந்தாதிகளையும் கற்பித்தார். பழைய சுவடிகளைத் தேடிப் பதிப்பித்துத் தமிழ்த்தாத்தா என்று பெயர் பெற்றவர் இவரே. ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி, 1933, 1934ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்டார்.

1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்களின் உயிர் பிரிந்தது. அப்போது சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். அருகிலிருந்த சாமிநாதையர் திருவாசகம் படித்துக்கொண்டிருந்தார்.