இப்னு ஸீனாவும் தலைச்சுற்றலும்

வானம் கருத்து ஈரக்காற்று வீசத் தொடங்கியதும் தலை சுற்றுகிறது, காது அடைக்கிறது என்று முதியோர் முறையிடாத இல்லம் அரிது. பருவ மாற்றம் உடலை என்ன செய்கிறது என்பதையும், தலைச்சுற்றல் எங்ஙனம் உண்டாகிறது என்பதையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்து எழுதியவர் பேரறிஞர் இப்னு ஸீனா.

புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) அவர் பிறந்தார். பத்து வயதில் திருக்குர்ஆனைக் கற்றுத் தேர்ந்தார். விடை புலப்படாத வினா எழுமாயின் மஸ்ஜிதுக்குச் சென்று தொழுது, இறைவனிடம் தெளிவு வேண்டுவது அவருடைய வழக்கம். இளமையிலேயே மன்னர் நூஹ் இப்னு மன்ஸூருக்குச் சிகிச்சை செய்ய அழைக்கப்பட்டார். அதன் பயனாக அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் ஜுர்ஜான், ரை, ஹமதான், இஸ்ஃபஹான் என்று வாழ்நாளெல்லாம் அலைச்சல். அமைச்சராகவும் இருந்தார், சிறையிலும் இருந்தார். இத்தனைக்கும் இடையில்தான் 'அல்கானூன்' உருவாயிற்று!

அந்நூலின் முதற்பாகம் பருவங்களையும் காற்றுகளையும் விரிவாகப் பேசுகிறது. தலைச்சுற்றலைக் குளிர்கால நோய்களுள் ஒன்றாக வைத்த ஹிப்போகிரட்டீஸின் மரபில் வந்தவரல்லவா அவர்? மூன்றாம் பாகத்தில் 'துவார்' என்னும் தலைச்சுற்றலுக்குத் தனி அத்தியாயம் உண்டு. நீர் நிறைந்த கிண்ணத்தைச் சுழற்றி நிறுத்தினால், கிண்ணம் நின்ற பின்னரும் உள்ளிருக்கும் நீர் சற்று நேரம் சுழலும். தன்னைத்தானே சுற்றி நின்றவனின் நிலையும் அத்தகையதே என்று அவர் விளக்கினார்.

சுழல்வது மூளையிலுள்ள ஆவி என அவர் கருதியது பிழை. நோயின் இருப்பிடம் உட்செவியாகவும் இருக்கலாம் என்பதைப் பாரிஸ் மருத்துவர் மெனியர் 1861இல்தான் எடுத்துரைத்தார். ஆயினும், உட்செவியின் அரைவட்டக் குழல்களில் திரவம் இயங்கும் விதத்துக்கு அந்தக் கிண்ணத்தை விடப் பொருத்தமான உவமை கிடைப்பது கடினம்.

பருவத்தைப் பற்றிய வினாவும் வீண்போகவில்லை. பிரித்தானியாவில் மெனியர் நோயாளர் தம் உடல்நிலையை நாள்தோறும் குறித்து வந்தனர். அக்குறிப்புகளை வானிலையோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. காற்றழுத்தம் குறைந்து ஈரப்பதம் மிகுந்த நாட்களில் அவர்களுடைய தொல்லை கூடியிருந்தது. எனினும் நோயைத் தோற்றுவிப்பது வானிலை என்று இதற்குப் பொருளன்று. இருக்கும் நோயை அது தூண்டக்கூடும் என்ற அளவே கொள்ளத்தக்கது.

பிறர் நோய் தீர்த்த இப்னு ஸீனா, தம்மை வாட்டிய வயிற்றுநோயிலிருந்து மீளவில்லை. ஹிஜ்ரி 428 ரமளானில் (கி.பி. 1037) ஹமதானில் காலமானார். அவருடைய அடக்கத்தலம் அந்நகரிலேயே உள்ளது.