கரிசலில் ஒரு தீக்குச்சி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சொந்தத் தொழில் தொடங்க எண்ணும் இளைஞர், பக்கத்தில் எது ஓடுகிறதோ அதையே தாமும் தொடங்குவதைப் பார்க்கிறோம். ஒரு தெருவில் ஒரு செல்பேசிக் கடை நன்றாக நடந்தால், அடுத்த ஆண்டு அங்கே நான்கு கடைகள். இந்த வேளையில் சிவகாசி பி. அய்ய நாடாரை நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

1905-இல் பிறந்த அவர் வளர்ந்த காலத்தில் சிவகாசியும் அருப்புக்கோட்டையும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. வானம் பார்த்த பூமி. கையில் சிறிது முதல் இருந்த குடும்பங்கள் பருத்தி, மிளகாய், புகையிலை எனப் பழகிய சரக்கையே வாங்கி விற்றன. அருப்புக்கோட்டையில் தறிகள் ஒலித்தன. மழை பொய்த்தால் விளைச்சலோடு வணிகமும் படுத்துவிடும்.

1922-இல் அய்ய நாடாரும் உறவினர் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். வீட்டார் பார்வையில் அது விளையாட்டாகவே பட்டிருக்கக்கூடும். தீப்பெட்டி என்றால் சுவீடன் அல்லது ஜப்பான் சரக்கு என்றிருந்த காலம் அது. குச்சிக்கு வேண்டிய மென்மரம் கரிசலில் இல்லை. மருந்துப் பொருள்களும் வெளியிலிருந்தே வரவேண்டும். இங்கு இருந்தவை இரண்டே: ஈரமற்ற வெயில், விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவே வேலையற்றுக் கிடந்த கைகள். வேளாண்மைக்குச் சாபமாக இருந்த வறட்சி, மருந்து தோய்த்த குச்சியை உலர்த்த உகந்ததாயிற்று.

முதலில் ஜெர்மானிய இயந்திரங்களைத் தருவித்தனர். அவ்வழி சரிப்படவில்லை. அதைக் கைவிட்டுக் கைத்தொழிலாகவே செய்யத் துணிந்ததுதான், என் பார்வையில், கல்கத்தாப் பயணத்தைவிடப் பெரிய முடிவு. 1923-இலேயே சுவீடன் நிறுவனம் விம்கோ என்ற பெயரில் இந்தியாவில் பேரளவு உற்பத்தியில் இறங்கியிருந்தது. இயந்திரத்தோடு இயந்திரமாக மோதியிருந்தால் சிவகாசி தாக்குப்பிடித்திருக்காது. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணைகளுக்குப் பரவின. பின்னர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினர். அய்ய நாடாரின் அணில் சின்னமும் சண்முக நாடாரின் காக்கைச் சின்னமும் வீடுதோறும் அறிமுகமாயின. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வந்து, ஊரின் பெயரே தொழிலின் பெயராயிற்று. ஈட்டிய பொருளில் ஒரு பகுதி கல்விக்கும் சென்றது. அவர் பெயரையும் ஜானகி அம்மாள் பெயரையும் தாங்கிய கல்லூரி 1963-இல் தொடங்கப்பட்டது.

இக்கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. அந்தத் திண்ணைகளிலும் ஆலைகளிலும் உழைத்த கைகளில் பள்ளி செல்ல வேண்டிய குழந்தைகளின் கைகளும் இருந்தன. கைத்தொழிலின் மலிவுக்கு அதுவும் ஒரு காரணம். அய்ய நாடார் 1982-இல் மறைந்தார். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1986-இல்.