ரேச்சல் கார்சன்

ரேச்சல் லூயிஸ் கார்சன் (மே 27, 1907 – ஏப்ரல் 14, 1964) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கடல் உயிரியலாளரும் அறிவியல் எழுத்தாளரும் ஆவார். பூச்சிகொல்லிகள் காட்டுயிர்கள் மீது ஏற்படுத்தும் விளைவுகள் குறித்து இவர் எழுதி 1962 இல் வெளிவந்த சைலண்ட் ஸ்பிரிங் (மௌன வசந்தம்) என்னும் நூல், தற்காலச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஒரு நச்சுப்பொருள் விலங்கை உடனே கொல்லாவிட்டாலும், அதன் இனப்பெருக்கத்தைக் குலைப்பதன் மூலம் அவ்வினத்தையே அழிவுக்குக் கொண்டு செல்லக்கூடும் என்பதைப் பொதுமக்களுக்கு விளங்கும் வகையில் எடுத்துரைத்தது இவரது முதன்மையான பங்களிப்பாகும்.

இளமையும் கல்வியும்

கார்சன் பென்சில்வேனியா மாநிலத்தில் அலெகெனி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ராபர்ட் கார்சன், மரியா மெக்லீன் கார்சன். மூன்று பிள்ளைகளுள் இவரே இளையவர். இயற்கையில் ஈடுபாடு கொண்டிருந்த தாயாரே பறவைகளையும் செடிகொடிகளையும் இவருக்கு அறிமுகப்படுத்தினார். 1918 இல், தமது 11ஆவது அகவையில், இவர் எழுதிய கதை சிறுவர் இதழொன்றில் வெளியானது.

1925 இல் பென்சில்வேனியா மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்தார். உயிரியல் ஆசிரியையான மேரி ஸ்காட் ஸ்கிங்கரின் வகுப்புகளால் ஈர்க்கப்பட்டு, பின்னர் உயிரியலைத் தமது பாடமாக மாற்றிக்கொண்டார். 1929 இல் பட்டம் பெற்றபின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் ஒரு கோடைக்காலம் பயின்றார். தொடர்ந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கெளுத்தி மீனின் கருவில் சிறுநீரகம் தோன்றி வளரும் முறையை ஆராய்ந்து 1932 இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்ட ஆய்வைத் தொடர விரும்பினாலும், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காரணமாகக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலை ஏற்பட்டதால் 1934 இல் படிப்பைக் கைவிட்டார்.

அரசுப் பணியும் கடல் நூல்களும்

1935 இல் தந்தையார் காலமானார். அதே ஆண்டில் கார்சன் அமெரிக்க மீன்வளப் பணியகத்தில் பகுதிநேரமாக வானொலி நிகழ்ச்சிகளுக்கான உரைகளை எழுதத் தொடங்கினார். 1936 இல் அரசுப் பணித் தேர்வில் வென்று, அப்பணியகத்தில் இளநிலை நீர்வாழ் உயிரியலாளராக அமர்த்தப்பட்டார். 1937 இல் இவரது தமக்கை இறந்ததால், அவருடைய இரு பெண் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் இவருக்கும் தாயாருக்கும் வந்து சேர்ந்தது.

இவரது முதல் நூலான அண்டர் த சீ-விண்ட் 1941 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதமே அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியதால் அந்நூல் பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1951 இல் வெளிவந்த த சீ அரவுண்ட் அஸ் என்னும் நூல், நியூயார்க் டைம்ஸ் இதழின் அதிக விற்பனைப் பட்டியலில் 86 வாரங்கள் இடம்பெற்றதோடு, 1952 இல் அமெரிக்கத் தேசிய நூல் விருதையும் பெற்றது. நூல் வருவாய் போதுமானதாக இருந்ததால் 1952 இல் அரசுப் பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார். கடற்கரை உயிரினங்கள் பற்றிய த எட்ஜ் ஆஃப் த சீ 1955 இல் வெளியானது.

டி.டி.டி. குறித்த ஆய்வு

டி.டி.டி. என்னும் வேதிப்பொருள் 1874 இல் முதன்முதலாக ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அதன் பூச்சிகொல்லும் தன்மையை 1939 இல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பால் முல்லர் கண்டறிந்தார். இதற்காக அவருக்கு 1948 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் படைவீரர்களை மலேரியாவிலிருந்தும் டைபஸ் காய்ச்சலிலிருந்தும் காத்த இப்பொருள், போருக்குப் பின் வயல்களிலும் காடுகளிலும் நகரங்களிலும் பெருமளவில் தெளிக்கப்பட்டது.

கார்சன் பணியாற்றிய துறையைச் சேர்ந்த அறிவியலாளர்கள் டி.டி.டி. காட்டுயிர்களைப் பாதிக்கிறதா என்று ஆராய்ந்து வந்தனர். அதை அறிந்த கார்சன் 1945 இல் இது குறித்துக் கட்டுரை எழுத ஓர் இதழை அணுகினார், அவ்விதழ் ஏற்கவில்லை. 1958 இல், மாசச்சூசெட்ஸில் கொசு ஒழிப்புக்காக வானூர்தியிலிருந்து மருந்து தெளிக்கப்பட்டபின் பறவைகள் இறந்ததைப் பற்றி அவரது தோழி ஓல்கா ஓவன்ஸ் ஹக்கின்ஸ் எழுதிய கடிதம் அவரை மீண்டும் இப்பொருளுக்குக் கொண்டு வந்தது. கார்சன் இதற்கெனத் தனியே ஆய்வகச் சோதனைகள் செய்யவில்லை. பல துறைகளில் சிதறிக் கிடந்த ஆய்வு முடிவுகளைத் திரட்டி, அறிவியலாளர்களுடன் கடிதத் தொடர்பு கொண்டு, அவற்றுக்கிடையே இருந்த தொடர்பை வெளிப்படுத்தினார்.

இனப்பெருக்கம் பற்றிய சான்றுகள்

நூலில் அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளுள் பின்வருவன குறிப்பிடத்தக்கவை.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க 1954 முதல் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. உதிர்ந்த இலைகளை மண்புழுக்கள் தின்றன. மண்புழுக்களை ராபின் பறவைகள் தின்றன. பல பறவைகள் நடுக்கம் கண்டு இறந்தன. எஞ்சியவற்றைக் கவனித்த பறவையியலாளர் ஜார்ஜ் வாலஸ், அவை கூடு கட்டியும் முட்டையிடாததையும், இட்ட முட்டைகள் பொரியாததையும் பதிவு செய்தார். வழக்கமாக 13 நாள்களில் குஞ்சு வெளிவர வேண்டிய முட்டைகளை ஒரு ராபின் 21 நாள்கள் வரை அடைகாத்தும் பயனில்லை. இப்பறவைகளின் விரைகளிலும் சூலகங்களிலும் டி.டி.டி. செறிந்திருந்தது.

ஜேம்ஸ் டிவிட் என்பவர் டி.டி.டி. கலந்த தீனியைக் காடைகளுக்கு அளித்துச் சோதித்தார். பறவைகள் நலமாகவே காணப்பட்டன. வழக்கமான எண்ணிக்கையில் முட்டைகளும் இட்டன. ஆனால் அவற்றுள் மிகச் சிலவே பொரிந்தன. தாய்ப்பறவையின் நலத்தை மட்டும் கண்டு ஒரு பொருள் தீங்கற்றது என்று முடிவு செய்ய இயலாது என்பதை இச்சோதனை உணர்த்தியது.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் சிறு பூச்சிகளை ஒழிப்பதற்காக டி.டி.டி.க்கு நெருங்கிய உறவுடைய ஒரு பொருள் 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் மிகக் குறைந்த அளவில் நீரில் கலக்கப்பட்டது. பின்னர் சோதித்தபோது மிதவை உயிரிகளில் பத்து இலட்சத்தில் 5 பங்கும், மீன்களில் 40 முதல் 300 பங்கு வரையும், மீனுண்ணும் முக்குளிப்பான்களின் கொழுப்பில் 1,600 பங்கும் நஞ்சு இருந்தது. உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல நஞ்சு செறிவடைவதை இது காட்டியது. 1,000 இணைகளுக்கு மேல் இருந்த அம்முக்குளிப்பான்கள் 1960 இல் ஏறத்தாழ 30 இணைகளாகக் குறைந்தன. அவற்றுக்கும் குஞ்சுகள் காணப்படவில்லை.

புளோரிடாவில் ஆண்டுதோறும் வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையமிட்டு வந்த சார்லஸ் புரோலி, 1958 இல் நூறு மைல் தொலைவு தேடி ஒரே ஒரு குஞ்சை மட்டுமே கண்டார். வானூர்தியில் பறந்து டி.டி.டி. தெளித்த பணியாளர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்ததாகக் கூறிய மருத்துவ அறிக்கையையும் கார்சன் குறிப்பிட்டு, இக்கேள்வி மனிதரையும் சாரும் என்று காட்டினார்.

நோயும் எதிர்ப்பும்

நூலை எழுதிய ஆண்டுகளில் கார்சனின் வாழ்வு துன்பங்கள் நிறைந்ததாக இருந்தது. 1957 இல் தமக்கையின் மகள் இறந்ததால் அவரது ஐந்து வயது மகனைத் தத்தெடுத்தார். 1958 இறுதியில் தாயார் மறைந்தார். 1960 இல் இவருக்கு மார்பக அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. நோய் புற்றுநோய் என்பது அப்போது இவரிடம் தெரிவிக்கப்படவில்லை. அது பரவியிருப்பதை அவ்வாண்டின் இறுதியிலேயே அறிந்தார். நோயை வெளிப்படுத்தினால் தமது ஆய்வு தன்னலம் சார்ந்ததெனப் பழிக்கப்படும் என்று கருதி, நெருங்கியவர்கள் தவிர எவரிடமும் அதைக் கூறவில்லை.

நூலின் பகுதிகள் 1962 ஜூன் மாதம் நியூ யார்க்கர் இதழில் வந்தன. செப்டம்பர் 27 அன்று நூல் வெளியானது. வேதிப்பொருள் தொழில்துறையினர் கடுமையாக எதிர்த்தனர். முனைவர் பட்டம் பெறாதவர் என்றும் உணர்ச்சிவயப்பட்டவர் என்றும் இவர் விமர்சிக்கப்பட்டார். குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு மே 1963 இல் வெளியிட்ட அறிக்கை கார்சனின் முதன்மையான கருத்துகளை ஆதரித்தது. ஜூன் மாதம், நோய் முற்றிய நிலையில், இவர் செனட் துணைக்குழுவின் முன் சான்றளித்தார். 1964 ஏப்ரல் 14 அன்று மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் தமது இல்லத்தில், 56ஆவது அகவையில் காலமானார்.

மறைவுக்குப் பின்

பறவைகளின் முட்டைகள் ஏன் பொரியவில்லை என்பதற்கான முழு விளக்கம் கார்சனின் வாழ்நாளில் கிடைக்கவில்லை. 1967 இல் பிரித்தானிய அறிவியலாளர் டெரெக் ராட்கிளிஃப், சேகரிப்புகளிலிருந்த பழைய முட்டைகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, பொரி வல்லூறு போன்ற பறவைகளின் முட்டையோடு 1940களின் பிற்பகுதியிலிருந்து மெலிந்து வந்ததைக் காட்டினார். டி.டி.டி. சிதைவதால் உண்டாகும் டி.டி.ஈ. என்னும் பொருள் முட்டையோட்டுக்குக் கால்சியம் சேர்வதைக் குறைக்கிறது. மெலிந்த ஓடு அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் உடைகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் 1970 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அமைக்கப்பட்டது. 1972 இல் அம்முகமை டி.டி.டி.யின் வேளாண் பயன்பாட்டைத் தடை செய்தது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக 1963 இல் 417 இணைகளாக இருந்த வெண்தலைக் கழுகுகள், ஏறத்தாழ 9,800 இணைகளாகப் பெருகியபின் 2007 இல் அழிவாய்ப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 1980 இல் கார்சனுக்கு அவரது மறைவுக்குப் பின் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் வழங்கப்பட்டது.

விமர்சனங்கள்

புற்றுநோய் பற்றி அவர் எழுதிய பகுதிகளுக்குப் போதிய சான்றுகள் இல்லை என்ற கருத்து உண்டு. டி.டி.டி. தடையால் மலேரியா மீண்டும் பரவியது என்றும் சிலர் குற்றஞ்சாட்டினர். இதற்கு இலங்கை எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. அங்கு 1963 இல் 17 ஆகக் குறைந்த மலேரியா நோயாளர் எண்ணிக்கை, 1968–69 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. எனினும் நோய் குறைந்ததும் தெளிப்பு நிறுத்தப்பட்டதே இதற்கு முதன்மையான காரணமாகும். மீண்டும் தெளித்தபோது டி.டி.டி.க்குக் கொசுக்களின் எதிர்ப்புத்திறன் வளர்ந்தது. வேறு மருந்துகளையும் முறைகளையும் கையாண்ட இலங்கை 2016 இல் மலேரியாவற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

கார்சன் எல்லாப் பூச்சிகொல்லிகளையும் தடை செய்யுமாறு கோரவில்லை. அளவின்றித் தெளித்தால் பூச்சிகள் எதிர்ப்புத்திறன் பெற்று, நோய்த்தடுப்புக்கு மருந்தே பயன்படாமல் போகும் என்று தமது நூலிலேயே எச்சரித்திருந்தார். 2004 இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் டி.டி.டி.யை வேளாண்மையிலிருந்து விலக்கி, நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்கு மட்டும் இடமளித்தது.