ஐடா அம்மையார் வென்ற சோதனை

வேலூருக்குப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை எண்ணுவேன். 1870இல் இராணிப்பேட்டையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும், ஊழியத்தில் அவருக்கு நாட்டமில்லை. அமெரிக்காவில் சுகமாக வாழவே விரும்பினார்.

தாயாரின் நோய் கேட்டுத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்தனர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அழைத்துச் செல்ல மூவரும் மறுத்தனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். ஓடிவிடத் துடித்த மனத்தோடு ஐடா ஜெபத்தில் போராடினார். இறுதியில் இறைவனின் அழைப்பே வென்றது.

1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். அவ்வாண்டே துணைநின்ற தந்தையும் மறைந்தார். நோயாளிகளோ நம்பி வரத் தயங்கினர். ஆயினும் விசுவாசம் தளரவில்லை. 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. எங்கள் பக்கத்துக் குடியாத்தம் சாலையோர மரநிழலிலும் மருத்துவம் பார்த்தார். 1960இல் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற பருவத்தில் கணிதத் தாளில் தவறியதும், தோல் தொழிற்சாலை வேலைக்கே போய்விட எண்ணினேன். அந்த இரவை நினைத்தேன். மீண்டும் புத்தகத்தைத் திறந்தேன். நண்பர்களே, சோதனை எவரையும் விடுவதில்லை. அதில் மண்டியிட்டவர் எழுந்து நடந்த கதை இது!