ராட்டினத்தைப் படம் பிடித்தவர்

குழந்தைகளே! திருவிழாவில் ராட்டினம் சுற்றியிருப்பீர்கள். எங்கோ ஒரு கிராமத்தில் சுற்றிய ராட்டினத்தைப் பல நாட்டு மக்களும் பார்க்கும்படி செய்தார் ஒருவர். அவர்தான் ஐரோப்பாவில் உள்ள ஹங்கேரி நாட்டின் திரைப்பட இயக்குநர் ஜோல்தான் ஃபாப்ரி.

1917-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், தலைநகர் புடாபெஸ்டில் பிறந்தார். ஓவியர் ஆக வேண்டும் என்பது அவரது சிறுவயது ஆசை. நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றார். பிறகு நாடகத்தில் மனம் சென்றது. நாடகக் கல்லூரியில் சேர்ந்து 1941-இல் பட்டம் பெற்றார். நடித்தார், நாடகங்களை இயக்கினார், மேடைக் காட்சிகளையும் வடிவமைத்தார். கற்ற ஓவியம் வீண்போகவில்லை! 1950-களில் சினிமா இயக்குநர் ஆனார்.

1956-இல் பிரான்ஸ் நாட்டின் கான் நகரில் நடந்த உலகத் திரைப்பட விழாவில் அவருடைய 'ராட்டினம்' படம் போட்டியிட்டது. நிலத்தோடு நிலம் சேர வேண்டும் என்பதற்காக, ஒரு விவசாயி தன் மகளை அவள் விரும்பாத ஒருவருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். மகளாக நடித்தவர் மாரி தொரோச்சிக் என்ற நடிப்புக் கல்லூரி மாணவி. மனத்துக்குப் பிடித்தவனோடு அவள் ராட்டினத்தில் பறக்கும் காட்சி எல்லாரையும் கவர்ந்தது. ஆனால் பரிசு கிடைக்கவில்லை. அதே விழாவில் பரிசு பெற்ற படங்களுள் ஒன்று, நம் நாட்டு சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'.

ஃபாப்ரி தொடர்ந்து படம் எடுத்தார். 1965-இல் மாஸ்கோ விழாவில் அவருடைய 'இருபது மணி நேரம்' படம், ரஷ்யாவின் 'போரும் அமைதியும்' படத்துடன் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டது.

அடுத்து உங்களைப் போன்ற சிறுவர்களின் கதையைப் படமாக்கினார். ஃபெரென்ச் மோல்னார் எழுதிய 'பால் தெருச் சிறுவர்கள்' நாவல்தான் அது. (இந்தப் பால், நாம் குடிக்கும் பால் அல்ல, ஒரு மனிதரின் பெயர்!) பையன்கள் விளையாடும் காலி மனையைப் பறிக்க வேறொரு கூட்டம் வருகிறது. இவர்களும் படை அமைக்கிறார்கள். படையில் மற்ற எல்லாரும் அதிகாரிகள். மிகச் சிறியவனான நெமெச்செக் மட்டும் சிப்பாய். எதிரிகள் அவனைக் குளிர்ந்த நீரில் முக்குகிறார்கள். காய்ச்சலில் கிடந்தவன், சண்டையன்று எழுந்து ஓடிவந்து எதிரித் தலைவனைக் கீழே தள்ளுகிறான். மனை தப்பியது, நெமெச்செக் பிழைக்கவில்லை. கடைசியில் அந்த மனையிலும் கட்டடம் கட்ட வந்துவிடுகிறார்கள். நெமெச்செக்கின் தாயாக நடித்தவர் யார் தெரியுமா? ராட்டினத்தில் பறந்த அதே மாரி!

1968-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் விருதில் பிறமொழிப் படப் பிரிவுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. ஹங்கேரிப் படம் ஒன்றுக்கு அந்தப் பிரிவில் இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. விருதைத் தட்டிச் சென்றதோ, மாஸ்கோவில் பரிசைப் பகிர்ந்துகொண்ட 'போரும் அமைதியும்'!

1994 ஆகஸ்ட் 23-இல் ஃபாப்ரி காலமானார். விவசாயி மகளையும் சின்னஞ்சிறு சிப்பாயையும் அவர் நாயகர்கள் ஆக்கினார். உங்கள் வகுப்பிலும் ஒரு நெமெச்செக் இருக்கலாம். அவனையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வீர்கள்தானே?