மலையடியில் மாணவரான துறவி



திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபமும் கிரிவலமும் நம் நினைவுக்கு வரும். அம்மலையைப் பற்றி அங்குள்ள மக்கள் வழிவழியாகச் சொல்லும் புராணமே செருக்கு அடங்கிய கதைதான். தங்களில் யார் பெரியவர் என்று போட்டியிட்ட பிரம்மனும் திருமாலும், ஒளித்தூணாய் நின்ற சிவனின் முடியையும் அடியையும் காண முடியாமல் போனார்கள் என்கிறது அக்கதை. அந்த மலையடிவாரத்துக்கு 1949-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் வந்தார். அவர் அருட்தந்தை ஹென்றி லெ சோ. சுவாமி அபிஷிக்தானந்தர் என்று பின்னாளில் அறியப்பட்டவர்.

1910 ஆகஸ்டு 30 அன்று பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கடலோரத்தில் பிறந்தவர் இவர். 1929-இல் கெர்கோனான் என்னும் ஊரில் புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்து, 1935-இல் குருவானார். மடத்தின் நூலகப் பொறுப்பும் இவரிடம் இருந்தது. புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்கு நூலின் ஏழாம் அதிகாரம் முழுவதும் தாழ்ச்சியைப் பற்றியது. அதில் 12 படிகள் உண்டு. ஏறக்குறைய 19 ஆண்டுகள் அந்த ஒழுங்கின்படி வாழ்ந்தவருக்குத் தாழ்ச்சியைப் பற்றித் தெரியாதது எதுவும் இருந்திருக்காது. தெரிந்திருப்பது வேறு, தாழ்ந்து அமர்வது வேறு அல்லவா?

1948-இல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்தில் குளித்தலையில் பணியாற்றிக் கொண்டிருந்த அருட்தந்தை ஜூல் மொன்ஷானினோடு சேர்ந்துகொண்டார். அடுத்த ஜனவரியில் இருவரும் இரமண மகரிஷியைக் காணத் திருவண்ணாமலைக்குப் போனார்கள். பெரிய எதிர்பார்ப்போடு போன லெ சோவுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. முகத்தில் ஒளிவட்டம் எதுவும் தெரியவில்லை. ஊரில் இருந்த தம் தாத்தாவைப் போல ஒரு சாந்தமான முதியவர் அமர்ந்திருந்தார். எல்லாரும் அவரைப் பகவான் என்று அழைத்தது வேறு இவருக்கு உறுத்தியது.

அங்கு வாழ்ந்த எதெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியிடம் தம் மனக்குறையைச் சொன்னார். அந்த அம்மையார் தயங்கவில்லை. அளவுக்கு மீறிய சுமையோடு வந்திருக்கிறீர்கள், அறியவும் விளங்கிக்கொள்ளவும் துடிக்கிறீர்கள், உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள், முதலில் வெறுமையாகுங்கள் என்ற பொருளில் எடுத்துரைத்தார். திருநிலை பெற்ற ஒரு குருவிடம், ஞான நூல்களில் ஊறிய ஒரு துறவியிடம், பொதுநிலைப் பெண் ஒருவர் இப்படிப் பேசினார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த நிலையிலும் அச்சொற்களை மனதில் வாங்கிக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பின் தம் திருவண்ணாமலை நினைவுகளை எழுதியபோது இதை மறைக்கவும் இல்லை. அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே.

1950 மார்ச் 21, புனித ஆசீர்வாதப்பர் திருநாளன்று, காவிரிக்கரையில் தண்ணீர்பள்ளியில் இருவரும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று நாம் அறிந்த ஆசிரமம் அதுவே. காவியுடை, ஓலைக்குடிசை, மரக்கறி உணவு என வாழ்ந்தார்கள். அடுத்த மாதமே, ஏப்ரல் 14 அன்று, இரமணர் மறைந்தார். ஆனால் மலை லெ சோவை விடவில்லை. 1952-இலிருந்து பல முறை திருவண்ணாமலைக் குகைகளில் வாரக்கணக்கில் மௌனமாகத் தங்கினார். அங்கே அவர் ஆசிரமத் தலைவர் அல்ல. மலையில் இருந்த பல சாதுக்களில் ஒருவர், அவ்வளவுதான். 1955 டிசம்பரில் திருக்கோவிலூருக்கு அருகே தபோவனத்தில் சுவாமி ஞானானந்தரைச் சந்தித்து, அவரைத் தம் குருவாகவே ஏற்றார். அந்த அனுபவத்தை நூலாக எழுதும்போது தம் பெயரைப் போடாமல் வன்யா என்ற வேறொரு பெயரில் தம்மைக் குறிப்பிட்டார்.

இது எளிதாக நடந்துவிடவில்லை. குகையில் கண்டதும் திருப்பீடத்தில் அறிக்கையிட்டதும் எப்படி ஒன்றுசேரும் என்ற வேதனை அவரை வாட்டியது; தம்மையே ஏமாற்றிக்கொள்கிறோமோ என்றும் அஞ்சினார். அவருடைய நாட்குறிப்புகள் இதற்குச் சாட்சி. உடன் உழைத்த மொன்ஷானினே இவர் போன தூரத்துக்கு வரவில்லை. அவர் முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் விடை கிடைத்துவிட்டதாக அவர் நடிக்கவில்லை, குருத்துவத்தையும் விட்டுவிடவில்லை.

1957-இல் மொன்ஷானின் இறந்தார். சாந்திவனத்தில் சேர வந்தவர்கள் நிலைக்கவில்லை. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது தோல்விதான். 1968-இல், கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து வந்த அருட்தந்தை பீட் கிரிஃபித்ஸிடம் அதை ஒப்படைத்தார். நம் பங்குகளிலும் சபைகளிலும் நாற்காலியை விட்டபின்னும் நிழலாய்த் தொடர்கிறவர்களை நாம் பார்க்கிறோம். இவரோ வடக்கே உத்தரகாசியில் கங்கைக் கரையிலிருந்த தம் சிறு குடிலுக்குப் போய்விட்டார். பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் சாந்திவனம் உலகெங்கும் பேர்பெற்றது. இன்று பலர் அதை அவர் பெயரோடு சேர்த்தே நினைக்கிறார்கள்.

1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசத்தில், பேருந்தைப் பிடிக்க ஓடியபோது தெருவில் மாரடைப்பால் விழுந்தார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று, 63-ஆம் வயதில், இந்தூரில் இறைவனடி சேர்ந்தார்.