பல்லிக்குக் கூண்டு போட்ட எங்களுக்கு ஒரு குரு

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் தெரிந்தவர் வீட்டில் வளர்த்த ஒரு இக்குவானாவுக்குப் பெரிய கூண்டு செய்து தரச் சொன்னார்கள். நானும் என் ரூம்மேட்டும் மினி டிராஃப்டரோடு உட்கார்ந்து பக்காவாக டிராயிங் போட்டோம். ஆறடி நீளம், நாலடி உயரம், பிளைவுட் பாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நல்லா வெயில் படட்டும் என்று ஜன்னலோரமாக வைத்தோம். டிராயிங்கில் ஒரு கோடு தப்பில்லை. ஆனால் சில மாதத்தில் அந்த ஜீவனுக்குப் பின்னங்கால் வளைந்து நடக்க முடியாமல் போச்சு. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்ததே தவிர, அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் வரவில்லை என்றார். அந்தக் கதிர் தோலில் படாவிட்டால் வைட்டமின் டி இல்லை. அது இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. கண்ணாடியை எடுத்துவிட்டு வலை அடித்து, வெளியில் வைத்தோம். பிழைத்துக்கொண்டது. கால் வளைவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் குற்ற உணர்ச்சியில் தேடித் தேடிப் படித்தபோதுதான் ஜோன் பியூசாம்ப் புராக்டர் என்ற அம்மையாரைத் தெரிந்துகொண்டேன். எங்களை மண்டியிட வைத்த அதே பிரச்சினைக்கு 1927-லேயே விடை கண்டவர்.

1897-ல் லண்டனில் பிறந்தார். பத்து வயதிலேயே வீடு நிறையப் பல்லியும் பாம்புமாக வளர்த்த பெண். டால்மேஷியப் பல்லி ஒன்று சாப்பாட்டு மேசையில்கூட அவரோடுதான் இருக்குமாம். பள்ளியில் படிக்கும்போது ஒரு குட்டி முதலையைக் கணக்கு வகுப்புக்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். (நம்ம மேத்ஸ் கிளாஸுக்கு யாராவது கொண்டு வந்து பாருங்களேன்!)

கேம்பிரிட்ஜ் போய்ப் படிக்க வேண்டியவர். ஆனால் சிறு வயதிலிருந்தே குடல் நோய். வலி, ஆபரேஷன், படுக்கை என்று அதிலேயே காலம் போனதால் கல்லூரி வாசலை மிதிக்க முடியவில்லை. டிகிரி இல்லை என்று ஏங்கும் நம்மில் பலருக்கு இந்த இடம் சுருக்கென்று படும். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஊர்வனப் பிரிவைக் கவனித்துவந்த ஜார்ஜ் பூலாஞ்சே, பள்ளி நாளிலிருந்தே இந்தப் பெண்ணின் ஆர்வத்தைக் கண்டவர். 1916-ல் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அவர் ஓய்வு பெற்றதும் 1920-ல் பொறுப்பு முழுக்க இவர் தலையில் வந்தது. ஆப்பிரிக்காவின் தட்டை ஆமையை ஆராய்ந்து 1922-ல் எழுதினார். பாறை இடுக்கில் நுழைந்துகொள்ளும் ஆமை அது. எந்தப் பிராணி எங்கே ஒளியும், எங்கே காயும் என்று பார்த்துப் பழகிய கண், பிறகு கூண்டு டிசைனுக்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

1923-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஊர்வனப் பிரிவின் தலைமை இவருக்கு வந்தது. அடுத்த ஆண்டு திறந்த மீன் காட்சியகத்தின் தொட்டிகளுக்குப் பாறை அமைப்புகளைத் திட்டமிட்டவரும் இவர்தான். பிறகுதான் பெரிய வேலை: ஊர்வனவற்றுக்கு ஒரு புது வீடு. கட்டடக் கலைஞர் கை டாபரோடு சேர்ந்து பிளான் போட்டார். 1927-ல் திறந்தது.

எலக்ட்ரிக்கல் பசங்க இதைக் கொஞ்சம் நின்று படிக்கணும். ஊர்வனவற்றுக்கு நம்மைப்போல் உடம்புக்குள்ளேயே சூடு உண்டாக்கிக்கொள்ள வராது. வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அதிகமானால் நகர்ந்துவிட வேண்டும். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே சூடு கொடுத்தால் பாலைவனப் பல்லிக்குப் போதாது, காட்டுத் தவளை வெந்துவிடும். அதனால் கூண்டுக்குக் கூண்டு வேறுபடும் மின்சாரச் சூடேற்றம் வைத்தார். பார்வையாளர் நடக்கும் இடத்தை இருட்டாக்கி, கூண்டுக்குள் மட்டும் வெளிச்சம் கொடுத்தார். மீன் காட்சியகத்தில் செய்வதுபோல. கண்ணாடியில் நம்ம மூஞ்சி தெரியாது, பாம்புதான் தெரியும். கடைசியாக, நாங்கள் கோட்டை விட்ட இடம்: சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் அதைக் கடத்தும் வைட்டா கிளாஸ் என்ற புதுக் கண்ணாடியைப் போட வைத்தார். சூரிய ஒளிக்கும் எலும்புக்கும் உள்ள சம்பந்தத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துப் பத்து வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் அதைக் கட்டடத்தில் ஏற்றிவிட்டார்.

அதே 1927-ல் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து இரண்டு கொமோடோ டிராகன்கள் வந்து சேர்ந்தன. உலகத்திலேயே பெரிய பல்லி இனம், பத்தடிவரை வளரக்கூடியது. ஆளையே கொல்லும் என்று பயந்த பிராணி. சும்பாவா என்று பெயரிட்ட ஒன்றை அவர் கையால் ஊட்டி, தட்டிக்கொடுத்துப் பழக்கினார். 1928-ல் விலங்கியல் சங்கக் கூட்டத்துக்கே அதை அழைத்துப்போய்க் கட்டுரை வாசித்தார். தோட்டத்தில் அதன் வாலைப் பிடித்துத் திருப்பித் திருப்பி நடத்திக்கொண்டு போவாராம். முதலைக்கும் மலைப்பாம்புக்கும் வைத்தியமும் தாமே பார்த்தார், ஆபரேஷன் உட்பட.

இத்தனையும் தீராத வயிற்று வலியோடு. கடைசி வருஷங்களில் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் தோட்டத்தைச் சுற்றி வந்தார். சும்பாவா பக்கத்திலேயே நடந்து வந்ததாம். 1931-ல் சிகாகோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்த வருஷமே செப்டம்பரில் இறந்துபோனார். வயது 34.

அவருடைய மார்பளவுச் சிலையை அந்த வீட்டிலேயே வைத்தார்கள். 2024-ல் மிருகக்காட்சி சாலை ஊர்வனவற்றுக்கு வேறு புது இடம் திறந்துவிட்டது. தொண்ணூற்றாறு வருஷத்துக்கு மேல் தாங்கிய டிசைன். நம்ம கூண்டு தாங்கினது மூணு மாசம்.